ஏட்டுக்கும் சொல்லுக்கும் பிறந்த ஊர் கேட்டவர்: யோஹான் ஆண்ட்ரியாஸ் ஷ்மெல்லர்

இடைக்கால ஜெர்மன் இலக்கியத்தைப் பற்றி எதைப் படிக்கத் தொடங்கினாலும் அடிக்குறிப்புகளில் "சி.எல்.எம். 4660", "சி.எல்.எம். 14098" என்பன போன்ற குறியீடுகள் வந்துகொண்டே இருக்கும். தென்கிழக்கு ஜெர்மனியிலுள்ள பவேரியாவின் வட்டார வழக்கைப் பற்றிப் படிக்கப் புகுந்தவர்களுக்கு வேறொரு திகைப்பு காத்திருக்கும்: அத்துறையின் தலையாய அகராதியைத் திறந்தால் அங்கே சொற்கள் அகர வரிசையில் இருப்பதில்லை. முதல் குழப்பம் ஒரு சுவடி நூலகத்தைச் சேர்ந்தது. இரண்டாவது ஓர் அகராதியைச் சேர்ந்தது. ஆனால் இரண்டுக்கும் காரணமானவர் ஒருவரே. 1785 முதல் 1852 வரை வாழ்ந்த யோஹான் ஆண்ட்ரியாஸ் ஷ்மெல்லர், பகலில் மியூனிக் அரச நூலகத்தின் ஏடுகளை ஒழுங்குபடுத்தியவர். பவேரிய மக்களின் பேச்சை நான்கு பாகங்களில் தொகுத்தவரும் அவரே. இந்த இரு பணிகளும் தற்செயலாக ஒரே மனிதரிடம் வந்து சேர்ந்தவை அல்ல என்பதும், இரண்டிலும் அவர் கேட்டது "இது எங்கிருந்து வந்தது?" என்னும் ஒரே கேள்வி என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முதலில் தெளிவாக வேண்டிய சொற்கள்

1. ஆவணக் காப்பகம்: அரசோ மடமோ நகராட்சியோ தன் அன்றாட அலுவலில் உண்டாக்கிய பத்திரங்களையும் கணக்குகளையும் பாதுகாக்கும் இடம். இங்கே தனித்தாளைவிட, அது எந்தக் கட்டைச் சேர்ந்தது என்பதே முக்கியம்.

2. சுவடி நூலகம்: கையால் எழுதப்பட்ட நூல்களைக் காக்கும் இடம். பெயரளவில் ஷ்மெல்லர் இத்தகைய நூலகத்தின் காப்பாளர். ஆயினும் அவர் கைக்கு வந்த ஏடுகள் மூடப்பட்ட மடங்களிலிருந்து மொத்தமாக வந்தவை. ஆகவே அவர் செய்தது பெரும்பாலும் ஆவணக் காப்பாளரின் வேலைதான்.

3. மூலவழி ஒழுங்கு: ஆவணங்களைப் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்காமல், அவை எந்த நிறுவனத்திலிருந்து வந்தனவோ அந்த நிறுவனத்தின் பெயரிலேயே ஒன்றாக வைத்திருக்கும் முறை. பிரான்சில் 1841ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையும், பிரஷ்ய அரசு காப்பகத்தின் 1881ஆம் ஆண்டு விதிமுறையும் இதை எழுத்தில் நிலைநாட்டின.

4. வட்டார வழக்கு: எழுத்துமொழியிலிருந்து விலகி ஒரு பகுதியில் வழங்கும் பேச்சு. இதை எழுத்துமொழியின் சிதைவு என்று பார்ப்பதா, தனக்கென வரலாறு உள்ள மொழி என்று பார்ப்பதா என்பதில்தான் ஷ்மெல்லரின் வாழ்நாள் உழைப்பே அடங்கியிருக்கிறது.

இரண்டு பேச்சுகளுக்கு நடுவே

ஷ்மெல்லர் 1785 ஆகஸ்டு 6 அன்று, பொஹீமிய எல்லைக்கு அருகிலுள்ள டிர்ஷன்ராய்ட் என்னும் சிற்றூரில் கூடை முடைபவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். அவர் கைக்குழந்தையாக இருந்தபோதே குடும்பம் தெற்கே இடம்பெயர்ந்து, பாஃபன்ஹோஃபனுக்கு அருகே ரிம்பெர்க் என்ற குக்கிராமத்தில் குடியேறியது. வறுமையான குடும்பம்தான், என்றாலும் பையனின் கூர்மை கண்டுகொள்ளப்பட்டு, ஷையர்ன் மடத்துப் பள்ளியிலும், பிறகு இங்கோல்ஷ்டாட்டிலும் மியூனிக்கிலும் படிக்க வழி பிறந்தது.

இந்த இடப்பெயர்வு வெறும் வாழ்க்கைக் குறிப்பு அல்ல. டிர்ஷன்ராய்ட் வட பவேரிய வழக்கின் நிலம்; ரிம்பெர்க் நடு பவேரிய வழக்கின் நிலம். 'சகோதரன்' என்பதற்கு எழுத்து ஜெர்மனில் 'ப்ரூடர்'. அதே சொல் நடு பவேரியாவில் 'ப்ருவடா' என்றும், வட பவேரியாவில் 'ப்ரௌடா' என்றும் ஒலிக்கும். பெற்றோரின் ஊர்ப் பேச்சு ஒன்று, தெருவின் பேச்சு இன்னொன்று, பள்ளிப் புத்தகத்தின் மொழி மூன்றாவது என்று வளரும் பிள்ளைக்கு, உயிரொலிதான் ஊருக்கு ஊர் மாறுகிறது, மெய்யொலிகளாலான எலும்புக்கூடு அப்படியே நிற்கிறது என்பது இலக்கணம் படிக்கும் முன்பே காதில் பதிந்திருக்கும். பின்னாளில் அவர் தம் அகராதியை அடுக்கிய விதத்தைப் புரிந்துகொள்ள இதுவே சிறந்த திறவுகோல் என்பது என் கணிப்பு.

பதினெட்டு வயதையொட்டி, 1803இல், எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவையும் எழுத்தறிவிக்கும் முறையையும் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அது அவர் காலத்தில் அச்சேறவில்லை, 1965இல்தான் வெளிவந்தது. அந்தக் கையெழுத்துப் பிரதியுடன் சுவிட்சர்லாந்து சென்று கல்வியாளர் பெஸ்டலாட்சியிடம் வேலை கேட்டார், கிடைக்கவில்லை. கையில் காசில்லாத நிலையில் ஸ்பெயின் அரசுக்குப் பணிபுரிந்த சுவிஸ் படைப்பிரிவு ஒன்றில் சிப்பாயாகச் சேர்ந்து 1804இல் ஸ்பெயினிலுள்ள தர்ராகோனா நகருக்குப் போனார். பிறகு மாட்ரிட்டில் பெஸ்டலாட்சி முறைப் பள்ளியில் ஆசிரியர்; அது மூடப்பட்டதும் பாசல் நகரில் ஒரு தனியார் பள்ளி; நெப்போலியனுக்கு எதிரான போர் மூண்டதும் தாயகம் திரும்பிப் பவேரியப் படையில் அதிகாரி. முப்பது வயதுவரை அவரை ஒரு மொழியறிஞர் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் பல மொழிகளுக்கு நடுவே அந்நியராக வாழ்ந்தவருக்குத் தம் ஊர்ப் பேச்சின் தனித்தன்மை முன்னைவிடத் துலக்கமாகத் தெரிந்தது.

அகராதி எப்படி உருவானது

அரச நூலகத்தைச் சேர்ந்த யோசெஃப் ஷெரர் என்பவரின் தூண்டுதலால் பவேரிய வழக்குகளுக்கு ஓர் அகராதி செய்யும் திட்டத்தை ஷ்மெல்லர் 1816இல் பவேரிய அறிவியல் கழகத்தின் முன்வைத்தார். கழகம் உதவித்தொகை அளித்தது. பட்டத்து இளவரசர் லுட்விக்கின் ஆதரவும் கிட்டியது. படைப்பணியிலிருந்து நீண்ட விடுப்பு கிடைத்தது. ஷ்மெல்லர் கால்நடையாக ஊர் ஊராகச் சென்று கேட்டுக் குறித்தார்.

முதல் விளைவு அகராதி அல்ல, இலக்கணம். 1821இல் வெளியான "பவேரியாவின் வட்டார வழக்குகள்" என்னும் நூலில் அவர் ஒவ்வோர் ஒலியையும் எடுத்துக்கொண்டு, அது எந்தப் பகுதியில் எப்படி ஒலிக்கிறது என்று வரிசைப்படுத்தினார். பகுதிகளுக்குப் பெயர் வைக்க அவர் நிர்வாக மாவட்டங்களை நம்பவில்லை, ஆறுகளை நம்பினார். காரணம் எளிது: நெப்போலியன் காலத்தில் பவேரியாவின் எல்லைகள் பலமுறை மாற்றி வரையப்பட்டன, ஆறு அப்படி மாறவில்லை. நூலுடன் ஒரு சிறு வரைபடமும் இருந்தது. ஜெர்மன் மொழிப் பரப்பில் வட்டார வழக்குகளைக் காட்டும் முதல் வரைபடம் என்று அது கருதப்படுகிறது.

அந்த வரைபடத்தில் லெக் ஆறு ஒரு பெரிய எல்லை. அதன் பொருளை ஒரே ஒரு கிழமைப் பெயர் சொல்லிவிடும். செவ்வாய்க்கிழமைக்கு எழுத்து ஜெர்மனில் 'டீன்ஸ்டாக்'. லெக் ஆற்றுக்குக் கிழக்கே பவேரியக் குடியானவர் அதை 'எர்ஹ்டாக்' என்பார். ஆற்றைக் கடந்து மேற்கே ஆக்ஸ்பூர்க் பக்கம் போனால் அதே நாள் 'ஆஃப்டர்மோன்டாக்', அதாவது திங்களுக்குப் பின்னாள். கிழக்கத்திய வழக்கில் வியாழன் 'ஃபின்ட்ஸ்டாக்'. கிரேக்க மொழியில் 'ஐந்தாவது' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. 'எர்ஹ்டாக்' என்பதும் கிரேக்கப் போர்த்தெய்வம் ஆரெஸின் நாள் என்பதிலிருந்து வந்ததாகவே பொதுவாக விளக்கப்படுகிறது. பள்ளிக்கூடம் போகாதவன் 'டீன்ஸ்டாக்' என்பதைத் தவறாக உச்சரித்ததால் 'எர்ஹ்டாக்' பிறக்கவில்லை. அச்சொல்லுக்கு எழுத்துமொழிச் சொல்லைச் சாராத பழைய வரலாறு இருக்கிறது. வட்டார வழக்கு சிதைவு என்ற எண்ணம் இந்த ஒரு சான்றிலேயே தகர்ந்துபோகிறது.

1827இல் "பவேரிய அகராதி"யின் முதல் பாகமும், 1828இல் இரண்டாம் பாகமும் கோட்டா பதிப்பகத்தின் வழியே வெளிவந்தன. மூன்றாம் பாகம் 1836இலும் நான்காம் பாகம் 1837இலும்தான் வந்தன. எட்டாண்டு இடைவெளி ஏன் என்று கேட்டால், 1829இல் அவர் அரச நூலகத்தில் சுவடிக் காப்பாளராக அமர்த்தப்பட்டதே முதன்மையான விடை. ஆனால் அந்தத் தாமதம் வீண் போகவில்லை. இந்த அகராதி உயிரோடு வழங்கும் பேச்சை மட்டும் பதிவதில்லை. பவேரிய நிலத்தின் பழைய சட்ட ஏடுகள், ஆணைகள், பத்திரங்கள், சமய நூல்கள் ஆகியவற்றிலிருந்தும் சான்று காட்டுகிறது. காலையில் நூலகத்தில் பிரித்த ஏட்டின் சொல் மாலையில் அகராதிச் சீட்டுக்குள் வந்து சேர்ந்தது. ஒரு சொல்லை இன்று யார், எந்தப் பக்கத்தில் பேசுகிறார்கள் என்பதும், ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் யார் எழுதினார்கள் என்பதும் ஒரே பதிவில் அருகருகே நிற்பதால், அகராதி பாதி வழியில் புவியியலாகவும் வரலாறாகவும் மாறிவிடுகிறது. உடை, உணவு, உழவு, வழிபாடு, நில உரிமை என எதைப் பற்றி ஆராய்பவரும் இன்றும் இதைப் புரட்டுவது இதனால்தான்.

ஏன் அகர வரிசை இல்லை

அகராதியைப் புதிதாகத் திறப்பவரைத் தடுமாற வைப்பது இதன் அடுக்குமுறை. ஷ்மெல்லரின் தர்க்கத்தைப் படிப்படியாகச் சொல்லலாம்.

1. எழுத்துமொழிச் சொல்லுக்கு நிலைத்த எழுத்துக்கூட்டு உண்டு. பேச்சுமொழிச் சொல்லுக்கு அது இல்லை.

2. ஒரே சொல்லின் உயிரொலி பகுதிக்குப் பகுதி மாறும். 'ப்ருவடா' என்பதை ஓரிடத்திலும் 'ப்ரௌடா' என்பதை இன்னோரிடத்திலும் வைத்தால் ஒரே குடும்பத்துச் சொற்கள் அகராதிக்குள் சிதறிப்போகும்.

3. வேரசையின் மெய்யொலிகள் பெரும்பாலும் நிலையாக நிற்கும். ஆகவே முதலில் வேரசையின் தொடக்க மெய்யைப் பார்; அடுத்து உயிருக்குப் பின் வரும் மெய்யைப் பார்; உயிரைக் கடைசியில் பார்.

4. ஒலியில் ஒன்றோடொன்று கலந்துபோகும் மெய்களை, ப-வின் வன்மை மென்மை வடிவங்களைப் போன்றவற்றை, ஒரே தலைப்பின் கீழ் சேர்த்துவிடு.

இதன்படி, நடுவிலுள்ள உயிர் எதுவானாலும், ஒரே மெய்யில் தொடங்கி ஒரே மெய்யில் முடியும் வேர்கள் அடுத்தடுத்து நிற்கும். சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி ஒருசொற் பல்பொருட் பெயர்களை எதுகை பற்றி வரிசைப்படுத்தியிருப்பதை அறிந்த வாசகர்களுக்கு, முதலெழுத்துக்கு அப்பாலும் ஒழுங்கு இருக்க முடியும் என்பது புதிய செய்தியாக இராது.

இந்த முறைக்கு விலையும் உண்டு. பவேரிய ஒலிகளை அறியாதவர் ஒரு சொல்லைத் தேடிப் பக்கம் பக்கமாக அலைய நேரும். பின்னிணைப்பாக உள்ள அகர வரிசைச் சொல்லடைவே அவர்களுக்குத் துணை. ஜெர்மன் மொழியறிஞர் யாக்கோப் கிரிம், தம் தம்பியுடன் சேர்ந்து தொடங்கிய "ஜெர்மன் அகராதி"யின் 1854ஆம் ஆண்டு முன்னுரையில், வட்டார அகராதிகளில் இதுவே தலைசிறந்தது என்று மனமாரப் பாராட்டினார். ஆனால் தம் அகராதிக்கு அகர வரிசையையே வலியுறுத்தினார். இருவரும் தத்தம் பொருளுக்கு ஏற்றதையே செய்தார்கள் என்று கொள்வதே நியாயம். கிரிம் சகோதரர்களின் மூலங்கள் அச்சிட்ட நூல்கள். ஷ்மெல்லரின் முதல் மூலம் மனிதரின் வாய்.

எண்ணே முகவரியான கதை

இனி அடிக்குறிப்புக் குறியீடுகளுக்கு வருவோம். 1802-03இல் பவேரிய அரசு மடங்களைக் கலைத்து அவற்றின் சொத்துகளை எடுத்துக்கொண்டது. நூற்றாண்டுகளாக மடத்து நூலகங்களில் இருந்த ஏடுகள் வண்டி வண்டியாக மியூனிக் வந்து குவிந்தன. ஷ்மெல்லர் பொறுப்பேற்றபோது அந்தக் குவியல் இன்னும் முறையாக ஒழுங்குபடவில்லை.

அதே நூலகத்தில் மார்ட்டின் ஷ்ரெட்டிங்கர் என்னும் மூத்த நூலகர் அச்சு நூல்களைப் பொருள்வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார். ஏடுகளுக்கு ஷ்மெல்லர் வேறு வழியை, அதாவது மேலே சொன்ன மூலவழி ஒழுங்கைத் தேர்ந்தார். மொழிவாரியாகப் பிரித்த பின், லத்தீன் ஏடுகளில் மடங்களிலிருந்து வந்த பெரும்பகுதியை அவை வந்த மடங்களின் பெயர் வரிசையிலேயே நிறுத்தி, தொடர் எண் இட்டார். 'சி.எல்.எம்.' என்பது 'மியூனிக் லத்தீன் ஏடு' என்பதன் லத்தீன் சுருக்கம், 'சி.ஜி.எம்.' என்பது மியூனிக் ஜெர்மன் ஏடு. எனவே எண்ணைப் பார்த்தே வந்த இடத்தைச் சொல்லிவிடலாம்:

1. 4600களில் ஓர் எண் என்றால் ஆல்ப்ஸ் அடிவாரத்து பெனடிக்ட்பாயர்ன் மடம்.

2. 14000களில் என்றால் ரேகன்ஸ்பூர்க் நகரின் தூய எம்மெராம் மடம்.

3. 19000களில் என்றால் ஏரிக்கரை மடமான டேகர்ன்சே. "ருவோட்லீப்" என்னும் லத்தீன் கதைக் காப்பியத்தின் ஏடு இதனால்தான் 19486 என்னும் எண்ணைத் தாங்கியிருக்கிறது.

மடம் அழிந்தது, கட்டடம் கைமாறியது. ஆனால் அதன் நூலகம் எப்படி இருந்தது, அங்கே எதைப் படித்தார்கள் என்பதை இன்றைய ஆய்வாளர் இந்த எண் வரிசையைக் கொண்டே மீட்டெடுக்க முடிகிறது. பொருள்வாரியாகக் கலைத்து அடுக்கியிருந்தால் அந்தச் சான்று திரும்பக் கிடைத்திராது. ஏறத்தாழ 27,000 ஏடுகளுக்கு இவ்வாறு சீட்டு எழுதி விவரம் பதிந்தது ஒரு தனிமனிதரின் உழைப்பு. 1866இல் வந்த ஜெர்மன் ஏடுகளின் அச்சு அட்டவணையும், 1868 முதல் வந்த லத்தீன் ஏடுகளின் அட்டவணையும் அவருடைய குறிப்புகளை அடிப்படையாகக் கொண்டவை என்பதைத் தலைப்பிலேயே அறிவிக்கின்றன. அவருடைய எண்களே இன்றும் வழக்கில் உள்ளன.

ஏடுகளிலிருந்து பதிப்புகள்

அடுக்கியதோடு அவர் நிற்கவில்லை. கிறிஸ்துவின் வரலாற்றைப் பழஞ்சாக்சன் மொழியில் பாடும் ஒன்பதாம் நூற்றாண்டுக் காப்பியத்தை 1830இல் பதிப்பித்து அதற்கு "ஹெலியாண்ட்" என்று பெயரிட்டார். அதற்கான சொல்லடைவு 1840இல் வந்தது. தூய எம்மெராம் ஏடு ஒன்றின் ஓரங்களிலும் வெற்றுப் பக்கங்களிலும் யாரோ எழுதிவைத்திருந்த, உலக முடிவையும் இறந்தபின் ஆன்மாவுக்கு நேர்வதையும் பாடும் பழைய உயர் ஜெர்மன் கவிதையை 1832இல் "முஸ்பில்லி" என்ற பெயரில் வெளியிட்டார். 1838இல் யாக்கோப் கிரிம்முடன் சேர்ந்து பத்தாம், பதினோராம் நூற்றாண்டு லத்தீன் கவிதைகளைப் பதிப்பித்தார்.

1847இல் வந்ததே உலகெங்கும் அறியப்பட்ட "கார்மினா புரானா". பெனடிக்ட்பாயர்னில் 1803இல் கண்டெடுக்கப்பட்ட, ஏறத்தாழ 1230இல் எழுதப்பட்ட அந்தப் பாடல் ஏட்டுக்குப் 'பாயர்ன் பாடல்கள்' என்று பொருள்படும் லத்தீன் பெயரைச் சூட்டியவர் ஷ்மெல்லர். இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃப் 1937இல் அரங்கேற்றிய இசைப் படைப்புக்கும் இந்தப் பதிப்பே மூலம்.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை தேவைப்படுகிறது. ஏடு கிடைத்த இடமும் ஏடு எழுதப்பட்ட இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஷ்மெல்லர் இதை பெனடிக்ட்பாயர்னுக்கு உரியது என்றே எடுத்துக்கொண்டார். பிந்தைய ஆய்வாளர்கள் எழுத்தமைதியையும் மொழிக்கூறுகளையும் ஆராய்ந்து, ஆல்ப்ஸ் மலைநாட்டின் தென் டிரோல் பகுதியையோ ஸ்டைரியாவையோ சுட்டுகின்றனர். பெயர் நிலைத்துவிட்டது, ஆனால் அது கண்டெடுத்த இடத்தின் முகவரியே தவிர, பிறந்த இடத்தின் சான்று அல்ல. மேலும், ஏட்டின் தாள்கள் தவறான வரிசையில் கட்டப்பட்டிருந்தன. ஷ்மெல்லர் பாடல்களை உள்ளடக்கம் நோக்கிப் பிரித்து அச்சிட்டதால், அவர் பதிப்பின் வரிசை ஏட்டின் வரிசையாகவும் இல்லை, எழுதியவரின் வரிசையாகவும் இல்லை. ஏடுகளை அடுக்குவதில் தாம் கைக்கொண்ட விதியை இந்தப் பதிப்பில் அவரே முழுமையாகக் கடைப்பிடிக்கவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1930இல் தொடங்கி 1970வரை வெளிவந்த ஆய்வுப் பதிப்புதான் அந்தக் குறையை நீக்கியது.

பேச்சே சான்றாகும்போது

வெனிஸுக்கு வடமேற்கே, அசியாகோ மலைப்பகுதியில் "ஏழு சமுதாயங்கள்" எனப்படும் ஊர்களில் இத்தாலியர் நடுவே ஒரு ஜெர்மானியப் பேச்சு வழங்கிவந்தது. கி.மு. 101இல் ரோமாபுரிப் படையிடம் தோற்ற கிம்பிரி இனத்தாரின் வழித்தோன்றல்கள் இவர்கள் என்பது அக்காலத்தில் பலரும் விரும்பி நம்பிய கதை. ஷ்மெல்லர் 1833இல் அங்கே நேரில் போய்க் கேட்டார்; 1844இல் மீண்டும் போனார். 1838இல் வெளியான அவருடைய ஆய்வு அந்தக் கதையை மறுத்தது. அவர் வாதம் சுருக்கமானது: கிம்பிரிகள் வாழ்ந்த காலத்து ஜெர்மானிய மொழிநிலை இந்தப் பேச்சில் இல்லை; ஏறத்தாழ பன்னிரண்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டு ஜெர்மனின் நிலையே இதில் உறைந்திருக்கிறது; ஆகவே இவர்கள் இடைக்காலத்தில் பவேரிய, டிரோல் பக்கங்களிலிருந்து மலைகடந்து குடியேறியவர்கள். பத்திரம் ஏதும் இல்லாத இடத்தில் பேச்சையே ஆவணமாகப் படித்த இந்த ஆய்வு, அவருடைய இரு தொழில்களும் சந்திக்கும் இடம் என்பேன். அவர் சேர்த்துவைத்த சொல் தொகுப்பு, அவர் மறைந்தபின் 1855இல் வியன்னாவில் அச்சானது.

அவருக்குப் பின்

ஷ்மெல்லர் 1846இல் மியூனிக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, 1852 ஜூலை 27 அன்று காலமானார். 1801 முதல் இறுதிவரை எழுதிவந்த நாட்குறிப்புகள் 1950களில் அச்சேறின. அச்சிட்ட அகராதியில் அவர் கைப்பட எழுதிச் சேர்த்துவந்த திருத்தங்களையும் சேர்க்கைகளையும் இணைத்து, கார்ல் ஃப்ரோமான் 1872இலும் 1877இலும் இரண்டு பெரும் தொகுதிகளாக இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தார். வேரசை வரிசையை அவர் மாற்றவில்லை. இன்று எல்லோரும் மேற்கோள் காட்டுவது இந்தப் பதிப்பையே.

பவேரிய அறிவியல் கழகம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதிய "பவேரிய அகராதி" ஒன்றுக்கான சொற்சேகரிப்பைத் தொடங்கியது. வினாத்தாள்களை ஊர்தோறும் அனுப்பிப் பதில் பெற்றுப் பல பத்தாண்டுகள் சீட்டுகளைச் சேர்த்த பின், 1995இல் முதல் பகுதி வெளிவந்தது. இந்தப் புதிய அகராதி அகர வரிசைக்குத் திரும்பிவிட்டது. ஆனால் சொல் எந்த ஊரில், எந்த மாவட்டத்தில் பதிவானது என்பதைச் சான்றோடு சேர்த்துத் தரும் வழக்கத்தை விடவில்லை. பழைய ஏடுகளின் சான்றும் பதிவுகளில் தொடர்கிறது. பணி இன்னும் முடியாத நிலையில், அது எட்டாத எழுத்துகளில் தொடங்கும் சொற்களுக்கு ஆய்வாளர்கள் ஷ்மெல்லரையே எடுத்துப் பார்க்கிறார்கள்.